திருக்கடையூருக்குப் போன கேன்

வியாழன், விடியற்காலை நாலே முக்கால்

தருமபுரியில் இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு பஸ் ஏறியவள், சேலத்தில் ஒரு வண்டி, திருச்சியில் ஒரு வண்டி மாறித் தஞ்சாவூர்ப் புதிய பேருந்து நிலையத்தில் இறங்கினபோது, இடுப்பு என்னுடையதாகவே இல்லை. காப்பி பதினைந்து ரூபாய். சர்க்கரை வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னேன், போட்டுத்தான் கொடுத்தார்கள். காலங்காத்தாலே சண்டை எதற்கு என்று குடித்துவிட்டேன். நன்றாகவே இருந்தது.

தஞ்சாவூருக்கு வருகிறவர்கள் பெரிய கோயிலைப் பார்க்க வருவார்கள். நான் வந்தது சிறுநீர் சேகரிக்க. சிரிப்பவர்கள் இப்போதே சிரித்துவிடலாம். நாட்டில் பெரியவர்கள் நாளொன்றுக்கு எவ்வளவு உப்பு சாப்பிடுகிறார்கள், எவ்வளவு பொட்டாசியம் சாப்பிடுகிறார்கள் என்று அளக்கிற ஆய்வு ஒன்றில் நான் களப் பொறுப்பாளர். அதற்கு முன்னால் பல வருஷம் நர்ஸ். உப்பு கூடினால் ரத்த அழுத்தம் ஏறும். வாழைப்பழம், கீரை, பருப்பு, இளநீர் இவற்றில் இருக்கிற பொட்டாசியம் அதை ஓரளவு தணிக்கும். சரி, யார் எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது? கேட்டால் எல்லாருமே "அளவாத்தான் போடுவோம்" என்பார்கள். மோர்மிளகாயைக் கடித்துக்கொண்டே அப்படிச் சொன்னவரை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் தின்ற உப்பில் பெரும்பகுதி சிறுநீரில் வந்துவிடும். அதனால் ஐந்து லிட்டர் கேன் ஒன்றைக் கொடுத்து, ஒரு காலையிலிருந்து மறுநாள் காலை வரை போவது அத்தனையையும் அதில் பிடித்துத் தரச் சொல்வோம். ஒரு தடவை தவறினாலும் கணக்கு கெட்டது.

ஆறு மணிக்கு வண்டி வந்தது. ஓட்டுநர் ஜாபர் பாய், அதிராம்பட்டினத்துக்காரர், துபாயில் லாரி ஓட்டிவிட்டுத் திரும்பியவர். பின்னால் அடுக்கியிருந்த காலிக் கேன்களைக் காட்டி, "தண்ணி சப்ளையா மேடம்?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். பாபநாசம் தாண்டினதும், "கேனுக்கு மூடி நல்லா டைட்டா இருக்குமா?" என்று மட்டும் கேட்டார். பின்னால் ஏறி ஒவ்வொரு மூடியாகத் திருகிக் காட்டின பிறகுதான் மனிதர் சமாதானமானார்.

வியாழன், காலை பத்து

கும்பகோணம் நாற்பது கிலோமீட்டர். அங்கிருந்து ஆடுதுறை போய், தெற்கே பிரியும் சாலையில் நாலு கிலோமீட்டர் உள்ளே ஓர் ஊர். ஊர்ப் பெயரைச் சொல்லக் கூடாது என்பது எங்கள் விதி. ஆட்களின் பெயர்களையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழைவதே எங்கள் மாவட்டத்தில்தான். நுழைகிறதே தவிர, எங்களிடம் நிற்பதில்லை. பாறைகளுக்கு நடுவில் குதித்து, பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் போட்டோவுக்கு நின்றுவிட்டு ஓடிவிடும். ஊருக்குள் நாங்கள் பூமியைத் துளைத்துக்கொண்டே இருக்கிறோம். இங்கே என்னடாவென்றால் ஆற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து குட்டி வாய்க்கால், வீட்டுக் கொல்லைக்குப் பின்னால்கூடத் தண்ணீர். ஆவணி மாதம், ஒரு வயலில் குறுவை கதிர் வாங்கி நிற்கிறது, பக்கத்து வயலில் சம்பாவுக்கு நாற்று பச்சை விட்டிருக்கிறது. எனக்கு வயிறு எரிந்தது. பொய் சொல்வானேன்.

டீக்கடைக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, வீடுகளைக் குறித்த வரைபடத்தை முன்பக்கத்தில் விரித்ததுதான் தாமதம், நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டார்கள். எதிர்ச் சுவரில் 'விளைநிலத்தைத் தொடாதே' என்று சிவப்பில் எழுதியிருந்தது. புறவழிச் சாலைக்கு நிலம் எடுக்கப்போகிறார்கள் என்று அந்தப் பக்கம் முழுக்கப் பேச்சு.

"எந்த டிப்பார்ட்மெண்டு நீங்க? நெலம் அளக்க வந்தீங்களா?" என்றார் ஒருவர். குரலில் மரியாதை இருந்தது, வழிவிடுகிற எண்ணம் இல்லை.

நான் விளக்க ஆரம்பிப்பதற்குள் ஜாபர் பாய் இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்து கேன்களைக் காட்டினார். "அளக்கத்தான் வந்துருக்கோம் அண்ணே. ஆனா ஒங்க நெலத்த இல்ல" என்று சொல்லி, மீதியை அவர் காதில் சொன்னார். ஐந்து நிமிஷத்தில் ஊருக்கே தெரிந்துவிட்டது. எங்களைப் பார்த்துச் சிரிக்காத ஆள் அந்தத் தெருவில் இல்லை. நிலம் அளக்க வந்தவளாக இருப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

பட்டியலில் எட்டு வீடு, கேன் நாளுக்கு ஒரு வீட்டில். வீட்டுக்கு ஒருவரைக் குலுக்கலில் எடுப்போம். வந்த பெயரை மாற்ற முடியாது. கலியமூர்த்தி வீட்டில் அவர் பெயரே வந்தது. ஐம்பத்திரண்டு வயது, மெலிந்த உடம்பு, தோளில் துண்டு, ஏக்கர் சொச்சம் நிலம். ரத்த அழுத்தம் பார்த்தேன், மேல் அளவு நூற்று அறுபதை ஒட்டி நின்றது. அடுப்படியில் கை நீட்டினால் எட்டும் இடத்தில் உப்பு ஜாடி, அதற்குப் பக்கத்தில் கருவாட்டுப் பானை. ம், சரி என்று நினைத்துக்கொண்டேன்.

பொதுவாக ஆண்களிடம் இந்தக் கேனை ஒப்புக்கொள்ள வைப்பதற்குள் தொண்டை வற்றிவிடும். இவர் முழுதாகக் கேட்கக்கூட இல்லை.

"செஞ்சுடுவோம்மா. நாளைக்கே வச்சுக்குங்க. வெள்ளிக்கெழம காலையிலேருந்து சனிக்கெழம காலை வரைக்கும். வீட்ட விட்டு நகர மாட்டேன்."

இப்படியொரு நல்ல மனிதரா என்று எனக்குப் பூரிப்பு. விதிமுறைகளை ஒன்றுக்கு இரண்டு தடவையாகப் படித்துக் காட்டினேன். தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

வியாழன், மாலை ஐந்து

கிளம்புகிற நேரம், கலியமூர்த்தியின் மனைவி மலர்க்கொடி ஒரு கட்டு முருங்கைக்காயோடு வண்டிக்குப் பின்னால் வந்து நின்றார். முருங்கைக்காய் சாக்கு என்று பார்த்ததுமே தெரிந்தது.

"அந்தக் கேனக் குடுத்தா வெளியூருக்கே போகக் கூடாதாமே, மேடம்?"

"யார் சொன்னது?"

"எங்க வீட்டுக்காரருதான். கெவுருமெண்டு உத்தரவு, ஒருநாள் பூரா நகர முடியாதுன்னு நாத்தனார் வீட்டுக்குப் போன் போடச் சொல்லிட்டாரு. என் வாயாலயே சொல்ல வச்சாரு."

பிறகு நின்றபடியே சொன்னார். கலியமூர்த்தியின் அப்பா பண்ணையில் வேலை பார்த்தவர். நிலத்துக்காகக் கொடி பிடித்து ஜெயிலுக்குப் போனவர். உச்சவரம்புக்கு மேல் இருந்த நிலத்தை அரசாங்கம் பிரித்துக் கொடுத்தபோது அவருக்கும் பட்டா கிடைத்தது. அந்தக் குடும்பத்துக்கு அதுதான் முதல் நிலம். அவர் காலமான பிறகு, மயிலாடுதுறையில் வாத்தியாருக்கு வாழ்க்கைப்பட்ட மகள் தமிழரசி, தனக்கும் பங்கு வேண்டும் என்று கேட்டார். அப்பா ரத்தம் சிந்தி வாங்கின நிலத்தை அறுக்க விடமாட்டேன் என்றார் தம்பி. எனக்கும் அவர்தான் அப்பா என்றார் அக்கா. கோர்ட்டுக்குப் போனது. அக்காவுக்குப் பாதி கிடைத்தது. கேஸ் முடிந்துவிட்டது, பேச்சும் அதோடு முடிந்துவிட்டது.

அன்றிலிருந்து ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைப்பதில்லை. கை நனைப்பது என்றால் சாப்பிடுவது. இந்தப் பக்கத்தில் பகையை அதை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். சாவுக்கு வருவார்கள், நிற்பார்கள், ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் போய்விடுவார்கள்.

"நாளைக்கு நாத்தனாரு வீட்டுக்காரருக்கு அறுவதாம் கல்யாணம், திருக்கடையூர்ல. அண்ணி அவங்களே வந்து பத்திரிகை வச்சாங்க மேடம். இவரு வயல்லேருந்து வரவே இல்ல. பொறந்த வீட்டு வேட்டி பொடவை வந்து சேந்தாத்தான் அவங்களுக்குச் சடங்கு நெறையும். அதக்கூட அவங்க கேக்கல. 'தம்பி வந்து ஒரு வாய் சாப்புட்டாப் போதும், எனக்கு வேற சீர் வேணாம்'னு சொல்லிட்டுப் போனாங்க. நான் மட்டுமாச்சும் டவுன் பஸ்ல போயிட்டு வந்துடறேன், பொம்பளைங்களுக்குத்தான் ஃப்ரீயாச்சேன்னு கேட்டேன். அதுக்கும் மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டாரு."

வந்ததே கோபம் எனக்கு. நாடு முழுக்க உப்பை அளக்க ஒரு கேனைக் கண்டுபிடித்தால், இந்த மனிதர் அதை அக்கா வீட்டுக்குப் போகாமல் இருக்கக் கேடயமாகப் பிடிக்கிறார். என் பூரிப்பை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது. முருங்கைக்காயை வாங்கிக்கொண்டேன், விடியற்காலை வருகிறேன் என்றேன்.

வெள்ளி, காலை ஆறு

கும்பகோணம் லாட்ஜில் கொசு பிடுங்கித் தூங்காத கண்ணோடு போய் இறங்கினேன். கலியமூர்த்தி எழுந்து தயாராக இருந்தார். முதல் சிறுநீரைக் கேனில் பிடிக்கக் கூடாது, வெளியே விட்டுவிட்டு நேரத்தைக் குறிக்க வேண்டும். அதைச் சரியாகச் செய்திருந்தார். ஆறு மணி ஐந்து நிமிஷம். கேனைக் கையில் கொடுத்தேன்.

"கெளம்புங்க, திருக்கடையூருக்கு" என்றேன்.

மனைவியை ஒரு பார்வை பார்த்தார். மலர்க்கொடி கூரையைப் பார்த்தார்.

"அதெப்படிம்மா. கேனு இருக்கே."

"கேனுக்கு வேரா முளைச்சிருக்கு? நீங்க போற எடத்துக்கு அதுவும் வரும். எங்க விதியிலேயே அப்படித்தான் இருக்கு. நேத்து ரெண்டு தடவை படிச்சேன், தலையத் தலைய ஆட்டினீங்க."

"விருந்துச் சாப்பாடு சாப்புட்டா ஒங்க உப்புக் கணக்கு கெட்டுப்போயிடாதா?"

"கேன் இல்லேன்னா என்ன சாப்பிடுவீங்களோ அதைத்தான் சாப்பிடணும். கேனுக்காக ஒரு விருந்துக்குப் போகாம இருந்தாத்தான் என் கணக்கு கெடும்."

மனிதர் கொஞ்ச நேரம் கேனின் கைப்பிடியைத் திருகிக்கொண்டே இருந்தார். "சாமி இருக்கற ஊருக்கு இதத் தூக்கிக்கிட்டா போறது" என்றார் கடைசியாக. அது கேள்வியாகவும் இல்லை, மறுப்பாகவும் இல்லை.

"வண்டியில வச்சுப் பூட்டிக்குவோம் அண்ணே, நான் பொறுப்பு" என்றார் வாசலிலிருந்து ஜாபர் பாய்.

அதற்குள் மலர்க்கொடி உள்ளே போய், பீரோவில் சேலைகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த பட்டுப் புடவையையும் வேட்டியையும் எடுத்து வந்து தாம்பாளத்தில் வைத்தார். கணவர் அதைப் பார்த்தார். எப்போது வாங்கினாய் என்று கேட்கவில்லை. சட்டை மாற்றிக்கொள்ளப் போய்விட்டார்.

கேனைத் துணிக்கடைக் கட்டைப்பை ஒன்றில் போட்டுக் கொடுத்தார் மலர்க்கொடி. இரண்டு பக்கமும் தலைநிறையப் பூ வைத்த பெண் சிரிக்கிற படம். பார்க்கிறவர்களுக்கு உள்ளே என்ன இருக்கிறதென்று தெரிய வேண்டாமே என்றார். நானும் நல்ல யோசனை என்றுதான் சொன்னேன்.

வெள்ளி, காலை ஒன்பது

ஆடுதுறையிலிருந்து மயிலாடுதுறை வரை சாலைக்கு இரண்டு பக்கமும் வயல்தான். மயிலாடுதுறையில் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தி, கலியமூர்த்தி பையோடு போய்விட்டு வந்தார். வழியில் ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தார். "அக்கா கேட்டது தப்புன்னு இப்ப நான் சொல்லலம்மா. கோர்ட்டுல போய்க் கேட்டிச்சே, அதான். என்கிட்ட இன்னொரு தடவ கேட்டிருக்கலாம்." மலர்க்கொடி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மயிலாடுதுறையிலிருந்து இருபத்திரண்டு கிலோமீட்டரில் திருக்கடையூர். இப்படி ஓர் ஊரை நான் பார்த்ததில்லை. ஊர் முழுக்க மாப்பிள்ளை பெண், எல்லாருக்கும் தலை நரைத்திருக்கிறது. அறுபது நிறைந்தவர்கள், எழுபது, எண்பது நிறைந்தவர்கள், கழுத்தில் மாலையோடு, பேரப்பிள்ளைகள் கையைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போகிறார்கள். ஒரு தெருவில் மூன்று நாதஸ்வரம் ஒரே நேரத்தில் வேறு வேறு ராகம் வாசிக்கிறது. எனக்கு இன்னும் பத்து வருஷம் இருக்கிறது. வீட்டுக்காரரிடம் இப்போதே சொல்லி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

கோயிலில் சடங்கு நடந்துகொண்டிருந்தது. மலர்க்கொடி தாம்பாளத்தோடு உள்ளே போய்விட்டார். கலியமூர்த்தி கோயிலுக்குள் போகவில்லை. பக்கத்துத் தெரு மண்டபத்தில்தான் சாப்பாடு என்று கேள்விப்பட்டு, அங்கே கழிவறை இருக்கிறதா என்று பையோடு போனார். நானும் ஜாபர் பாயும் மண்டப வாசலில் நின்றோம்.

தப்பு அங்கேதான் நடந்தது. அவர் கழிவறையிலிருந்து வெளியே வருகிறார், கையில் கட்டைப்பை. எதிரில் ஓடி வந்த பெண் தமிழரசியின் மகள். "வாங்க மாமா" என்றவள் அப்படியே நின்றுவிட்டாள். தாய்மாமன் வந்தே விட்டாரே என்று அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. மாமா எதையோ சொல்ல வாயெடுப்பதற்குள், "குடுங்க மாமா, நீங்க ஏன் தூக்கிக்கிட்டு நிக்கிறீங்க" என்று பையை வாங்கிக்கொண்டு போய், மேடைக்கு முன்னால் வரிசையாக வைத்திருந்த சீர்த் தட்டுகளுக்கு நடுவில், எல்லாவற்றிலும் முன்னால், வைத்துவிட்டாள். அதன் மேல் இரண்டு வெற்றிலையும் ஒரு முழம் மல்லிகையும் வைத்தாள். பழங்களுக்கும் பலகாரத்துக்கும் நடுவே என் ஆய்வின் மாதிரி.

நான் பாய்ந்து போனேன். பையில் கை வைக்கப்போனபோது முன் வரிசையிலிருந்த ஓர் அம்மா, "சீர்ல கை வைக்காதீங்கம்மா. வச்சத எடுத்தா நல்லாருக்காது" என்றார். வைத்த சீரைத் திரும்ப எடுப்பது இங்கே வாயால் திட்டுவதைவிடப் பெரிய அவமானமாம். அதிலும் பிறந்த வீட்டுச் சீர். கலியமூர்த்தியைத் திரும்பிப் பார்த்தேன், முகம் வெளுத்திருந்தது. நான் ஜாபர் பாயைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளி, காலை பத்தரை

மேளத்தோடு மாப்பிள்ளையும் பெண்ணும் வந்து மேடையில் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையான வாத்தியாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. தமிழரசி குள்ளமான அம்மா, தம்பிக்கு உள்ள அதே மூக்கு. கூட்டத்தில் தம்பியைக் கண்டதும் அவர் பார்வை அங்கேயே நின்றுவிட்டது. மண்டபத்தில் பாதிப் பேருக்கு விஷயம் தெரியும்போல, பேச்சு தணிந்தது.

மைக் பிடித்தவருக்கு இதெல்லாம் ஒன்றும் இல்லை. "முதலாவதாக, பொறந்த வீட்டுச் சீர். தம்பி கலியமூர்த்தி அவர்கள் கொண்டுவந்த சீர்" என்று உரக்கச் சொல்லி, கட்டைப்பையை எடுத்துக் கொடுக்கும்படி யாருக்கோ கையைக் காட்டினார்.

கலியமூர்த்தி மேடைக்கு நடந்தார். வேறு யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள். அவர் நேராக அக்காவுக்கு முன்னால் போய் நின்றார்.

"அக்கா."

"வாடா."

"அந்தப் பை வேணாங்கா. அத நான் எடுத்துக்கறேன்."

தமிழரசியின் முகம் சுருங்கிப்போனதை வாசலிலிருந்தே பார்த்தேன். "நான் கேட்டு வாங்குனது அந்த நெலம் ஒண்ணுதான்டா தம்பி. இதையாச்சும் நீயா கொண்டாந்து குடுக்கறேன்னு நெனச்சேன். இதையும் திருப்பி எடுக்கவா இம்புட்டு தூரம் வந்த?"

"ஐயோ அக்கா, அது சீரே இல்ல." குனிந்து அக்காவின் காதோரமாகத்தான் சொன்னார். ஆனால் மைக் பிடித்தவர் பக்கத்திலேயே நின்றார், மைக்கை அணைக்கவும் இல்லை. மண்டபம் முழுக்க, வெளியே தெருவரைக்கும், தெளிவாகக் கேட்டது. "அதுல என் மூத்திரம் இருக்குக்கா."

நாதஸ்வரக்காரர் வாயிலிருந்து நாதஸ்வரத்தை எடுத்துவிட்டார்.

தமிழரசி தம்பியைப் பார்த்தார், மல்லிகைப்பூ வைத்த பையைப் பார்த்தார், திரும்பவும் தம்பியைப் பார்த்தார். "எதுக்குடா கொண்டாந்த?"

"கெவுருமெண்டு கேட்டுச்சுக்கா."

முதலில் சிரித்தது தமிழரசிதான். சிரிப்பென்றால் சாதாரணச் சிரிப்பா, மாலை குலுங்கக் குலுங்க, கண்ணில் தண்ணீர் கொட்ட, வாத்தியாரின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மண்டபமே வெடித்தது. பையை வைத்த பெண் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே ஓடினாள். கலியமூர்த்தி கொஞ்ச நேரம் அசட்டுத்தனமாக நின்றார், பிறகு அவருக்கும் அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே இருந்த அக்கா எப்போது அழ ஆரம்பித்தார் என்று எனக்குத் தெரியவில்லை. தம்பியின் கையைப் பிடித்திருந்தார்.

மலர்க்கொடி, கோயிலில் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்த தாம்பாளத்தை நீட்டினார். தம்பி வாங்கி அக்காவிடம் கொடுத்தார். புடவை, வேட்டி, அசல் சீர்.

வாத்தியார் சும்மா இருப்பாரா. இந்த மாதத்தோடு பணி ஓய்வு, மைக் கிடைத்தால் விடாத மனிதர். கேனைக் கொடுத்த அம்மாவே மேடைக்கு வந்து விளக்கட்டும் என்று என்னைக் கூப்பிட்டுவிட்டார். எத்தனையோ கூட்டங்களில் உப்பைப் பற்றியும் பொட்டாசியத்தைப் பற்றியும் பேசியிருக்கிறேன். கொட்டாவி விடாமல் கேட்ட கூட்டம் இது ஒன்றுதான். ஊறுகாயைக் குறையுங்கள், கருவாட்டை நன்றாகக் கழுவிச் சமையுங்கள், கீரையை வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள் என்றேன். "சிறுநீரகக் கோளாறு உள்ளவங்க மட்டும் டாக்டரைக் கேட்டுட்டு" என்று சொல்லவும் மறக்கவில்லை. கைதட்டினார்கள். சீர் வரிசையிலிருந்து பையை நானே எடுத்து ஜாபர் பாயிடம் ஒப்படைத்தேன். மல்லிகைப்பூவை யாரும் திரும்பக் கேட்கவில்லை.

பந்தி. நீள இலை, முதலில் ஓரத்தில் உப்பு வைத்துக்கொண்டு வந்தார்கள். கலியமூர்த்தியின் இலைக்கு வந்தபோது தமிழரசி உப்புக் கிண்ணத்தைப் பரிமாறுகிறவரிடமிருந்து வாங்கிக்கொண்டார். பட்டுப்புடவை, மாலை எல்லாவற்றோடும் குனிந்து ஒரு சிட்டிகை வைத்தார். "பாத்துப் போட்டுக்க. அந்தம்மா ஒன்னையேதான் பாத்துக்கிட்டிருக்காங்க." நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், என் வேலையே அதுதானே. வாழைப்பூ வடை, தண்டுக்கீரைக் கூட்டு, பருப்பு, நெய், சாம்பார், ரசம், பாயசம், பழம். பொட்டாசியத்துக்கு அன்றைக்குக் குறைவில்லை. சாதம் போட்ட பிறகும் கொஞ்ச நேரம் அவர் கை மடியிலேயே இருந்தது. அக்கா நகரவில்லை. பிறகு தம்பி பருப்பை விட்டுப் பிசைந்து முதல் கவளத்தை எடுத்தார். இரண்டாம் தடவை சாதம் கேட்டு வாங்கினார்.

வெள்ளி, மாலை மூன்று

கலியமூர்த்தியையும் கேனையும் அக்கா வீட்டார் விடவில்லை, இரவு மயிலாடுதுறையில் தங்கியே ஆக வேண்டும் என்றார்கள். சாயங்காலம் நானும் ஜாபர் பாயும் இருபது கிலோமீட்டர் வடக்கே பூம்புகாருக்குப் போனோம். ஆறு தமிழ்நாட்டுக்குள் நுழைகிற பக்கத்துக்காரிக்கு முடிகிற இடத்தைப் பார்க்க ஆசை.

பிரமாதமாக ஒன்றும் இல்லை. எங்கள் ஊரில் அருவியாக விழுந்து சத்தம் போடுகிற ஆறு, இங்கே ஒரு சின்ன வாய்க்கால் மாதிரி மணலைச் சுற்றிக்கொண்டு போய்க் கடலில் கலக்கிறது. கரையில் பெண்கள் மீனைக் கீறி உப்புத் தடவிக் காயப்போட்டிருந்தார்கள். எவ்வளவு உப்பு போடுவீர்கள் என்று ஒரு அம்மாவிடம் கேட்டேன். "அளவாத்தான்" என்றார்.

"இம்புட்டுத் தண்ணிதானா கடைசில வருது?" என்றேன்.

"மிச்சத்தத்தான் வழியிலேயே வயல் குடிச்சிடுச்சே மேடம், நெல்லா ஆகிப்போச்சு" என்றார் ஜாபர் பாய். யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். எங்களைத் தாண்டிப் போகிற தண்ணீர் எங்கே போகிறது என்ற எரிச்சல் எனக்குச் சின்ன வயசிலிருந்தே உண்டு. கலியமூர்த்தியின் இலைக்குத்தான் போகிறது என்று தெரிந்ததும் அது கொஞ்சம் அடங்கியது. ஒரு இளநீர் குடித்தேன், நாற்பது ரூபாய். எங்கள் ஊரைவிடப் பத்து ரூபாய் அதிகம், அதில் எனக்கு இன்னும் சமாதானம் இல்லை.

சனி, காலை ஆறே கால்

மயிலாடுதுறையில் வாத்தியார் வீடு. கலியமூர்த்தி கடைசித் தடவையும் பிடித்து, மூடியைத் திருகி, கேனை முற்றத்து நிழலில் வைத்திருந்தார். எடுத்துப் பார்த்தேன், கனமாக இருந்தது. ஒரு தடவையும் தவறவில்லை என்றார். பெட்ரோல் பங்க், மண்டபம், இந்த வீடு, எல்லாம் அதில் இருந்தது. முடிவு வர ஒரு மாதம் ஆகும். உப்பு அதிகமாகத்தான் இருக்கும், ரத்த அழுத்தத்துக்கு டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும் என்று கண்டித்துச் சொன்னேன். நானே கூட்டிப்போறேன் என்றார் உள்ளே தோசை வார்த்துக்கொண்டிருந்த அக்கா.

கேனை ஒட்டி மூடுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கடைசிக் கேள்வி ஒன்று பாக்கி. "நேத்து நீங்க சாப்பிட்டது வழக்கமான சாப்பாடா, வழக்கத்துக்கு மாறான சாப்பாடா?"

"வழக்கமான சாப்பாடுதாம்மா."

"அது விருந்துங்க."

கலியமூர்த்தி அடுப்படிப் பக்கம் பார்த்தார். தோசைக்கல்லில் சத்தம் நின்றிருந்தது.

"அக்கா கையால சாப்புட்டதும்மா. சின்னதுலேருந்து அதான் வழக்கம். நடுவுல கொஞ்ச காலம் விட்டுப்போச்சு, அவ்வளவுதான்."

பதில் சொல்கிறவர் சொன்னதை அப்படியே எழுத வேண்டும் என்பது எங்கள் விதி. அப்படியே எழுதிக்கொண்டேன்.